அவரைக்காய் வரும் மாதம்

போன கார்த்திகையில், விடாத தூறலில், மைசூர் ரயிலிலிருந்து மகள் மயிலாடுதுறையில் இறங்கினாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கோணிப்பை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே பையிலிருந்து அந்த வாசனை கிளம்பிவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "எண்ணெய் ஏதும் கொட்டிடுச்சா சார்?" என்றார். கொட்டவில்லை. அது அவரைக்காய் வாசனை. பனியில் ஊறிய நாட்டு அவரைக்குத் தோலில் ஒரு பிசுபிசுப்பு உண்டு. உரித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் ராத்திரி வரை விரலை விட்டுப் போகாது. மைசூர்க்காரர்கள் அதைச் 'சொகடு' என்பார்கள். சொகடு இல்லாத காயை அங்கே தள்ளுவண்டிக்காரன்கூட மதிக்கமாட்டான். பொங்கலுக்கு நாம் வாங்கும் மொச்சையும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். ஆனால் இந்த வாசனையில் பாதிகூட அதற்குக் கிடையாது.

வீட்டுத் திண்ணையில் பையைக் கவிழ்த்து நானும் மனைவியும் உரிக்க உட்கார்ந்தோம். மழைச்சாரல் கால்வரை வந்துகொண்டிருந்தது. உரிக்க உரிக்க, பேச்சு தானாக ஹெப்பாளுக்குப் போய்விட்டது.

ஹெப்பாள் என்றதும் பலருக்குப் பெங்களூர் ஹெப்பாளும் அதன் மேம்பாலமும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது மைசூர் ஹெப்பாள். ஊரின் வடமேற்கே, கிருஷ்ணராஜசாகர் போகும் பக்கத்தில், ஏரியும் லக்ஷ்மிகாந்த சுவாமி கோயிலுமாக இருந்த பழைய கிராமம். அதை ஒட்டித்தான் தொழிற்பேட்டை வந்தது. டிப்ளமோவை முடித்துவிட்டு, ஒரு மெஷின் ஷாப்பில் வேலை கிடைத்து நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது தசரா முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அரண்மனையைச் சுற்றிப் போட்டிருந்த சீரியல் பல்புகளை ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கக் கல்யாணம் முடிந்த வீட்டின் களைப்பு. அந்தக் களைப்பின் மேல் மெதுவாகக் குளிர் வந்து உட்கார்ந்தது.

எங்கள் ஊரில் அந்த மாதங்களுக்குக் குளிர் என்று பெயரில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. சம்பா பயிர் தண்ணீரில் நிற்கும், வாய்க்கால் உடைப்பெடுக்கும், துணி காயாது. மார்கழியில் கொஞ்சம் பனி பெய்யும், அவ்வளவுதான். மைசூர் சுமார் 2500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஐப்பசி பாதியிலேயே மழை பின்வாங்கிவிடும். வானம் கழுவி விட்டதுபோல் நீலமாகிவிடும். மத்தியான வெயில் சுள்ளென்று அடிக்கும். ஐந்து மணி ஆனதும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி சூடு போய்விடும். அம்மாவிடமிருந்து வரும் இன்லேண்ட் லெட்டரில், "அங்கே மழை எப்படி? குடை வாங்கிக்கொண்டாயா?" என்று இருக்கும். நான் குரங்குக் குல்லா வாங்கியிருந்தேன்.

ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு விடியுமுன் சைக்கிளில் கிளம்ப வேண்டும். ஏரிப் பக்கம் வந்தால் எதிரே வருகிறவர் முகம் தெரியாது, பீடி நெருப்பு மட்டும் தெரியும். காதில் பஞ்சு, கழுத்தில் மப்ளர், கையில் சாப்பாட்டு டப்பா. லேத்தின் கைப்பிடி இரும்பைத் தொட்டதும் விரல் சுரீர் என்று இழுத்துக்கொள்ளும். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "மெட்ராஸ்காரா, முதல்ல மெஷினை ஓடவிடு, அது சூடானதும் நீ சூடாகலாம்" என்பார். மயிலாடுதுறைக்காரன் நான் மெட்ராஸையே இரண்டொரு முறைதான் பார்த்திருந்தேன். அங்கே ஓசூர் தாண்டினால் எல்லாமே மெட்ராஸ்தான்.

ஷெட்டுகளுக்கு நடுவே அப்போதெல்லாம் கேழ்வரகு வயல்கள் இருந்தன. கதிரை அறுத்துத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். கொள்ளுச் செடியையும் அப்படியே வேரோடு பிடுங்கிக்கொண்டுவந்து ரோட்டில் போடுவார்கள். பஸ், லாரி, எங்கள் சைக்கிள் எல்லாம் அதன்மேல் ஏறிப்போக வேண்டும்; போரடிக்கும் வேலை கூலியில்லாமல் நடந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது சோற்றை மிதிப்பதுபோல் கூசி, சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். வயல்காரப் பெண்மணி சத்தம் போட்டாள். ஓரமாகப் போகாதே, மேலேயே ஓட்டிக்கொண்டு போ என்கிறாள் என்று புரிய நேரம் பிடித்தது. களத்துமேட்டில் செருப்போடு கால் வைத்தாலே திட்டு வாங்கி வளர்ந்தவன் நான்.

கல்யாணம் ஆனபிறகு ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனோம். கீழே வீட்டுக்கார அம்மா. கணவர் இல்லை, மகன் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் அஜ்ஜி. நாங்கள் போன முதல் நாளே மாடிப்படியின் கீழ் நின்று, "ஊட்ட ஆய்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பார்கள்; நலமா என்று கேட்கிற மாதிரிதான் அது. என் மனைவி இன்னும் இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். பத்து நிமிஷத்தில் தட்டில் கேழ்வரகு முத்தேயும் கிண்ணத்தில் அவரைக்கொட்டைச் சாறும் மேலே வந்துவிட்டன. களியைக் கிள்ளிச் சாற்றில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். நாங்கள் மென்றோம். பல்லில் ஒட்டிக்கொண்டது.

குளிர்காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் சமையலறை அங்கே தலைகீழாகிவிடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் காலையில் வெயிலில் வைத்தால்தான் தலைக்குத் தடவக் கிடைக்கும். தயிர் இரண்டு நாளானாலும் பாலாகவே இருக்கும். உறைய வேண்டியது உறையாது, உறையக் கூடாதது உறைந்து நிற்கும். இட்லி மாவு பொங்கவே பொங்காது. மனைவி மாவுப் பாத்திரத்துக்குப் பழைய கம்பளியைச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், அரிசிப் பானைக்குள் இறக்கிப் பார்த்தாள். கடைசியில் அஜ்ஜி ஒரு வழி சொன்னார். கீழே குளியலறையில் வெந்நீர் போடும் ஹண்டே இருந்தது. பெரிய செம்பு அண்டா, கீழே விறகு எரிக்கிற அடுப்பு. தணல் அவிந்தபிறகும் அதைச் சுற்றி ராத்திரி முழுக்கக் கதகதப்பு இருக்கும். அதன் பக்கத்தில் மாவை வைத்துவிட்டால் விடிகாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அன்றிலிருந்து தை கடைசி வரை எங்கள் மாவு இரவில் கீழே இறங்கிக் காலையில் மேலே ஏறியது. அதோடு சேர்ந்து, கேட்காமலே, ஒரு வாளி வெந்நீரும் வரும்.

தீபாவளிக்கு முதல் நாள் அந்த ஹண்டேக்குத்தான் பண்டிகை. புளி போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பும் செம்மண்ணும் கோடு இழுத்து, கழுத்தில் கொடி சுற்றிப் பூ வைத்து, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். தண்ணீர் நிரப்புகிற பண்டிகை என்றே அதற்குப் பெயர். மறுநாள் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறது நம் ஊர் மாதிரியே. வெடிச் சத்தம் மட்டும் நம் அளவுக்கு இருக்காது. தேங்காய் மட்டையும் ஓடும் எரிகிற புகை வாசனை, ஈரத்தலைக்குச் சாம்பிராணி, இரண்டும் கலந்த ஒரு நெடி தெருவெல்லாம் நிற்கும். இப்போது அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் புகை இல்லை. மொட்டை மாடிகளில் வரிசையாகச் சோலார் ஹீட்டர் படுத்திருக்கிறது. வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் மேகம் போட்ட நாளில் எல்லோரும் சேர்ந்து பச்சைத்தண்ணீரில் குளிக்கிறார்கள் என்று மகள் சொல்லிச் சிரிப்பாள்.

டெல்டாக்காரன் காவிரியின் தலைமாட்டில் குடியிருப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. எங்கள் வீட்டில் தினமும் காலையில் அப்பா பத்திரிகையைப் பிரித்ததும் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம். 120 அடி நிரம்பினால் வீட்டில் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஹெப்பாளில் தமிழ்ப் பத்திரிகை மத்தியானத்துக்கு மேல்தான் வரும். டீக்கடையில் காலையில் கிடப்பது 'பிரஜாவாணி'. அதில் கே.ஆர்.எஸ். என்கிற கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டம் போடுவார்கள்: முழு மட்டம் 124.80 அடி. எண்கள்தான் முதலில் புரிந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்து, அதற்கடுத்த எழுத்து என்று கன்னடம் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்துத்தான். காலையில் கே.ஆர்.எஸ்., சாயங்காலம் மேட்டூர். டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மண்டியாக்காரரும் அதே எண்ணைத்தான் கவலையோடு பார்ப்பார். அவர் கவலைக்கும் என் கவலைக்கும் நடுவில் ஒரே தண்ணீர். இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் எனக்கும் சேர்த்து டீ சொல்வார், நான் அவருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக் கே.ஆர்.எஸ். போய்விடுவேன். 1911இல் தொடங்கி இருபது வருஷம் கட்டிய அணை. விஸ்வேஸ்வரய்யா பெயர் அங்கே சாமி பெயர் மாதிரி. பிருந்தாவனத்து வண்ண நீரூற்றைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு அணையின்மேல் கண் போகாது. நான் அணையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த மதகிலிருந்து போகிற தண்ணீர் எங்கள் ஊர்த் துலாக்கட்டத்துக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று ஒரு கணக்குப் போடுவேன். கணக்கு ஒவ்வொரு தடவையும் வேறு விடை சொல்லும்.

ஐப்பசி முதல் தேதியை ஒட்டி, அக்டோபர் பதினேழு வாக்கில், குடகு மலையில் தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்குகிற நாள். அஜ்ஜியின் உறவுக்காரர்கள் யாராவது போய்வந்து பாட்டிலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் மாடிக்கு வந்து ஒரு உத்தரணி எங்கள் கையிலும் ஊற்றுவார். அதே மாதம் முழுக்க மயிலாடுதுறையில் துலா ஸ்நானம். கடைசி நாள் கடைமுகம். கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. அம்மா அது முடிந்துதான் எந்த ஊருக்கும் கிளம்புவாள். ஒரு வருஷம் முழுக்குப் போட்ட கையோடு எங்களைப் பார்க்கப் புறப்பட்டு வந்தாள். அப்போது நேர் ரயில் கிடையாது. ஈரோடு வந்து, சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, சாம்ராஜ்நகர் தாண்டி மைசூர். வந்து இறங்கியவள் முதலில் சொன்னது: "ஏண்டா, நம்ம ஆத்துக்கு இத்தனை மலை ஏறி வரணுமா?"

அஜ்ஜி பாதுகாத்து வைத்திருந்த தலைக்காவிரித் தீர்த்தத்தைக் கொடுத்தார். அம்மா தன் பையிலிருந்து துலாக்கட்டத்துச் செம்பை எடுத்தாள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தபடி மணிக்கணக்கில் பேசினார்கள். அஜ்ஜி கன்னடத்தில் மருமகளைப் பற்றிச் சொல்வார், அம்மா தமிழில் மருமகளைப் பற்றிச் சொல்வாள். இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. முத்தேயை அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, சோறு எப்ப போடுவாங்க?" என்று என் காதில் கேட்டாள். தஞ்சாவூர்க்காரிக்குச் சோற்றைத் தவிர மற்றதெல்லாம் பலகாரம்தான்.

குளிர் அவளுக்கு ஆகவில்லை. காலில் வெடிப்பு, உதட்டில் வெடிப்பு. ஸ்வெட்டர் வாங்கலாம் என்று டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நவம்பர் வந்தால் திபெத்தியர்கள் தெருவோரத்தில் வரிசையாகக் கடை போட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில் அகதிகளாக வந்தவர்களுக்கு மைசூருக்கு மேற்கே, குஷால்நகர் பக்கம் பைலகுப்பேயில் காட்டைத் திருத்தி நிலம் கொடுத்தார்கள். மக்காச்சோளம் அறுத்து முடித்ததும் லூதியானாவிலிருந்து ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விற்பார்கள். பொங்கலுக்குப் பிறகு திரும்பிவிடுவார்கள். கடைக்காரப் பெண் திருச்சியிலும் ஒரு குளிர்காலம் கடை போட்டிருந்தாளாம். "அம்மா, நல்ல கம்பளி, உள்ள வாங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேரத்தை மறந்துவிட்டுக் கேட்டாள்:

"உனக்கு எந்த ஊரும்மா?"

"பைலகுப்பே."

"அது இல்ல, சொந்த ஊரு?"

அந்தப் பெண் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அதான் சொந்த ஊரு. அங்கதான் பொறந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, "உனக்குப் பொறக்கிறதும் இப்படித்தான் சொல்லுமோ?" என்றாள். மெரூன் கலர் ஸ்வெட்டர், முன்பக்கம் பித்தான். ஊருக்குப் போனபிறகு ஒரு நாளும் போட்டதில்லை. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாள்.

மார்கழி பிறந்ததும் அவளை மேல்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். மைசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமார். சோழ நாட்டில் நெருக்கடி வந்தபோது ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பிய ராமானுஜர், ஹொய்சள நாட்டில் பன்னிரண்டு வருஷம் தங்கினார் என்பது வைணவ மரபு. அந்த வாசத்தின் பெரும்பகுதி மேல்கோட்டையில். அவரும் ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் போனவர்தான். அங்குள்ள கோயிலில் இன்றும் திவ்யப் பிரபந்தத்தைத் தமிழிலேயே சேவிக்கிறார்கள். விடிகாலைக் குளிரில், மலைக்காற்றில் புடவை படபடக்க, அம்மா படியேறினாள். உள்ளே திருப்பாவை. அதுவரை மைசூரில் ஒரு வார்த்தையும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சேவித்து முடித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட தமிழில் பாதி கன்னடம் கலந்திருந்தது. வெளியே வந்து புளியோதரை வாங்கினோம். "புளி கொஞ்சம் தூக்கல், வெல்லம் போட்டிருக்காங்க" என்றாள். அதுதான் மேல்கோட்டைப் பக்குவம். கோயிலைப் பற்றி அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குப் போய் எல்லாரிடமும் அதைத்தான் பேசினாளாம்.

இதையெல்லாம் இனிப்பாகவே சொல்லிக்கொண்டு போனால் 1991 டிசம்பரைத் தாண்டிப்போன பாவம் வரும். காவிரி நடுவர் மன்றம் அந்த ஜூன் 25ஆம் தேதி தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. டிசம்பர் 11 அன்று அது மத்திய அரசிதழில் வெளியானது. ஓரிரு நாளில் பெங்களூர் பற்றிக்கொண்டது. மைசூர்ப் பக்கமும் தப்பவில்லை. தமிழர் கடைகள், குடிசைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள். ஷெட்டில் என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை.

அன்று மத்தியானம் அஜ்ஜி மேலே வந்து, சுவரில் மாட்டியிருந்த தமிழ்த் தினசரிக் காலண்டரைக் கழற்றி என் மனைவியின் கையில் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னார். பிறகு ஒரு மூட்டை அவரைக்காயைக் கொண்டுவந்து எங்கள் மாடிப்படியின் முதல் படியில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவரைத் தாண்டாமல் யாரும் மேலே வர முடியாது. ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலைந்து பையன்கள் தெருமுனையில் திரும்பி வந்தார்கள். அஜ்ஜி தலையை நிமிர்த்தி ஒருவனைக் கூப்பிட்டு, நீ யார் மகன் என்று கேட்டார். அவன் சொன்னான். "உங்கம்மா கிட்ட சொல்லு, நல்ல சொகடு காய் வந்திருக்கு, வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். அவன் கொஞ்சநேரம் நின்றான். சரி அஜ்ஜி என்றான். போய்விட்டார்கள்.

அந்த இரண்டு ராத்திரியும் கீழே அஜ்ஜியின் அடுப்படியில்தான் இருந்தோம். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். ஊறியதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பிதுங்கித் தட்டில் விழும். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பிதுக்குப் பருப்பு என்பது இதைத்தான். ஒரு படி பிதுக்க ஒரு ராத்திரி ஆகும். விளக்கைச் சின்னதாக்கி வைத்துக்கொண்டு நாலு பேரும் பிதுக்கினோம். ரேடியோவை அவர் போடவிடவில்லை. காவிரி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பருப்பில் தோல் ஒட்டியிருக்கிறது, இன்னும் அழுத்து என்று என் மனைவியை மட்டும் கடிந்துகொண்டார்.

எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எல்லாத் தெருவிலும் இப்படி ஓர் அஜ்ஜி இருந்துவிடவில்லை. பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்த தருமபுரிக்காரர் ஒருவர் அந்த டிசம்பரில் போனவர்தான், தன் டூல் பாக்ஸை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. வழக்கு அதற்கப்புறம் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று முடித்தது. அணையில் தண்ணீர் இருந்த வருஷங்களில் எந்தத் தீர்ப்பைப் பற்றியும் எந்தத் தெருவிலும் யாரும் சண்டை போட்டதில்லை என்பது நான் கண்ட வரையில் நிஜம்.

அடுத்த மாதமே சங்கராந்தி வந்தது. அங்கே பொங்கல் பானையைவிட எள்ளு-வெல்லம்தான் பெரிது. எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஐந்தையும் கலந்து, சர்க்கரை அச்சும் கரும்புத் துண்டும் சேர்த்துப் பெண்பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதாகப் பேசு என்பது அன்றைக்குச் சொல்கிற வாழ்த்து. அதற்காகக் கொப்பரையையும் வெல்லத்தையும் மிளகளவு துண்டாக அரிவாள்மணையில் நறுக்கி, மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயப்போடும் வேலை டிசம்பர் பாதியிலேயே ஆரம்பித்துவிடும். அந்த வருஷம் அது தாமதமாகத்தான் ஆரம்பித்தது. ஆனாலும் தெருவில் ஒரு வீடு விடாமல் எங்கள் மாடிக்கு எள்ளு-வெல்லம் வந்தது, அந்தப் பையன் வீட்டிலிருந்தும். கொண்டுவந்தது அவன் தங்கை. இப்போது கடையில் பாக்கெட்டில் விற்கிறார்கள். நறுக்குவதற்கு யாருக்கும் நேரமில்லை. ஒரே அளவில் மெஷின் நறுக்கித் தருகிறது.

அஜ்ஜி இல்லை. அம்மாவும் இல்லை. வேலை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். கேழ்வரகு வயல்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடி. முந்நூறு ஏக்கருக்கு மேல் இன்ஃபோசிஸ் வளாகம். பயிற்சி மையம் 2005இல் வந்தது. ஹெப்பாள் ஏரியையும் அவர்கள் அறக்கட்டளையே சீரமைத்துக் கொடுத்திருக்கிறது. நடைபாதை, வேலி எல்லாம் போட்டாகிவிட்டது. 2024 டிசம்பர் 31 அன்று அந்த வளாகத்துக்குள் சிறுத்தை ஒன்று தென்பட்டது. எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மகள் போனில், "அப்பா, உங்க காலத்துல இருந்துச்சா?" என்று கேட்டாள். எங்கள் காலத்தில் நரி ஊளை கேட்டிருக்கிறேன், சிறுத்தை பார்த்ததில்லை. ஊர் வளர வளரக் காடுதான் ஊருக்குள் வருகிறது. யாராவது அவளிடம் எந்த ஊர் என்று கேட்டால், யோசிக்காமல் ஹெப்பாள் என்கிறாள். மைசூர் ரயில் இப்போது மயிலாடுதுறையைத் தாண்டிக் கடலூர் துறைமுகம் வரை போகிறது. சாயங்காலம் அங்கே ஏறினால் காலையில் இங்கே. திம்பம் மலையெல்லாம் ஏறி இறங்க வேண்டாம்.

அந்த ரயிலில் ஒவ்வொரு தடவையும் நம் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள், பயிற்சிக்கும் வேலைக்கும். காம்பவுண்டுக்குள்ளேயே சாப்பாடு, சினிமா, நீச்சல் குளம். ஹெப்பாளில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, ஹெப்பாளைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டே விஷயம் உண்டு. கன்னட எழுத்தைப் படித்துக்கொள்ளுங்கள். பஸ் போர்டும் பத்திரிகையும் இருக்கின்றன, வாத்தியார் வேண்டாம். வெளியே வீடெடுத்துத் தங்கினால், குளிர் தொடங்குவதற்குள் கீழ்வீட்டுக் கதவை ஒரு தடவையாவது தட்டி, "ஊட்ட ஆய்தா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள்.